சிறுவயது மனக்காயம்: நாமே பார்த்துக்கொள்வது எதுவரை, ஆளைத் தேடிப் போவது எப்போது

பைக்கின் சைடு ஸ்டாண்டைக் காலால் தட்டிப் போடும் சத்தம் கேட்டால் எனக்கு அடிவயிறு இறுகும். இப்போது வயது 38, பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன், வீட்டுக்காரர் குரலை உயர்த்தத் தெரியாத மனிதர், ஆனாலும் சாயங்காலம் தெருவில் யார் வீட்டு வண்டி வந்து நின்றாலும் என் கை தானாக டிவி ரிமோட்டைத் தேடும், சத்தத்தைக் குறைக்க. முக்கூடல் பக்கம் நான் வளர்ந்த வீட்டில் அது சைக்கிள் ஸ்டாண்டு. அப்பா குடித்துவிட்டு வந்து சைக்கிளை நிறுத்துகிற விதத்திலேயே அன்றைக்கு ராத்திரி எப்படிப் போகும் என்று தெரிந்துவிடும். ஒரே தட்டில் ஸ்டாண்டு விழுந்தால் பரவாயில்லை. இரண்டு மூன்று தடவை தவறினால், அம்மா பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவாள், நான் தம்பியை இழுத்துக்கொண்டு நெல் கொட்டி வைக்கும் குலுக்கைக்குப் பின்னால் போய்விடுவேன்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் நான் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தேன். என் மகள், அப்போது மூன்றாம் வகுப்பு, மெதுவாக எழுந்து போய் டிவி சத்தத்தைக் குறைத்தாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அன்றைக்குத்தான் இதை இனி இப்படியே விடக்கூடாது என்று தோன்றியது.

முதலில் எல்லாவற்றையும் நானே சரிசெய்துவிடலாம் என்று இறங்கினேன், வீடியோ பார்த்து, நோட்டில் எழுதி, மூச்சுப்பயிற்சி செய்து. அதில் பாதி உண்மையிலேயே உதவியது, மீதிப் பாதி என்னை இரண்டு மாதம் தூங்கவிடாமல் அடித்தது. அப்புறம்தான் சிகிச்சைக்குப் போனேன். எது எந்தப் பாதி என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை, இந்த வழியில் நடந்து வந்தவள், அவ்வளவுதான்.

ஆற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்குக் கசம் என்றால் தெரியும். தாமிரபரணியில் படித்துறையை ஒட்டி யார் வேண்டுமானாலும் இறங்கிக் குளிக்கலாம், இடுப்பளவுத் தண்ணீர்தான். நாலு எட்டு தள்ளிக் கசம், அதாவது ஆழப் பள்ளம் கிடக்கும், மேலே பார்த்தால் தண்ணீர் ஒரே மாதிரிதான் தெரியும். இன்றைய உடம்பை அமைதிப்படுத்துவது படித்துறை வேலை, அதை நாமே செய்யலாம், செய்யவும் வேண்டும். பழைய நினைவுக்குள் இறங்கி அதைத் திறந்து பார்ப்பது கசம். அதற்கு நீச்சல் தெரிந்த ஆள் பக்கத்தில் வேண்டும்.

தொடங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது

இவற்றில் ஒன்று இருந்தாலும் சுயமுயற்சியை ஓரமாக வைத்துவிட்டு நேராக மருத்துவரிடம் போங்கள்: செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருவது, உடம்பைக் கீறிக்கொள்வது அல்லது சுட்டுக்கொள்வது, குடியோ மாத்திரையோ இல்லாமல் நாள் நகராத நிலை, திடீரென்று நேரம் எங்கே போனது என்றே தெரியாமல் போவது, பழைய சம்பவம் நினைவாக வராமல் இப்போதே நடப்பது போலக் கண்முன்னால் ஓடுவது, நம்மைக் காயப்படுத்தியவரோடு இன்றும் அதே வீட்டில் இருப்பது. கடைசியாகச் சொன்னதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. அடி இன்னும் விழுந்துகொண்டிருக்கும்போது காயத்துக்கு மருந்து போட முடியாது, முதலில் அந்த வீட்டை விட்டு வெளியே வர வழி பார்க்க வேண்டும்.

இப்போதே தாங்க முடியவில்லை என்றால் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது, 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். நம் மாநிலத்தில் அதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இது என்ன நோய்?

"எல்லா வீட்லயும் உள்ளதுதான, இதுக்கெல்லாம் ஒரு சீக்கா?" என்று என் அம்மா கேட்டாள். நியாயமான கேள்வி. சின்ன வயதில் திரும்பத் திரும்பப் பயந்த உடம்பு, ஆபத்து எங்கிருந்து வரும் என்று எப்போதும் காது கொடுத்தே பழகிவிடுகிறது. எதிர்த்து நிற்பது, ஓடுவது, உறைந்துபோவது, இந்த மூன்றும் உடம்பு தானாகச் செய்வது, யோசித்துச் செய்வதில்லை. குழந்தையால் எதிர்க்கவும் முடியாது ஓடவும் முடியாது, அதனால் பெரும்பாலும் உறைந்துபோகும். வளர்ந்த பிறகு அலுவலகத்தில் மேலாளர் குரலை உயர்த்தினால் வாயடைத்துப்போய் நிற்கிறோமே, அது கோழைத்தனம் இல்லை, எட்டு வயதில் உயிரைக் காப்பாற்றிய பழக்கம் இன்னும் வேலை செய்கிறது.

அமெரிக்காவில் சான் டியேகோவில் 1990களின் நடுவில் தொடங்கி 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் சிறுவயதில் நடந்ததைக் கேட்டுப் பதிவுசெய்தார்கள். வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரண்டு மருத்துவர்கள் முன்னின்று செய்த ஆய்வு, முதல் முடிவு 1998-இல் வந்தது. அடி, வசவு, பாலியல் கொடுமை, கவனிப்பாரில்லாமை, வீட்டில் குடி, அம்மா அடிவாங்குவதைப் பார்ப்பது, இப்படி எத்தனை வகை ஒருவருக்கு நேர்ந்ததோ அத்தனைக்குத் தகுந்தபடி பின்னாளில் மனச்சோர்வு, குடிப்பழக்கம், இதயநோய் வரை வாய்ப்பு கூடுகிறது என்று கண்டார்கள். இதைப் படித்துவிட்டு நான் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன், பயந்தும் போனேன். பயப்பட வேண்டாம். அது ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்த கணக்கு, தனி ஒருத்தியின் ஜாதகம் கிடையாது.

படித்துறை வேலை: நாமே செய்வது

மூச்சிலிருந்து தொடங்குங்கள். நாலு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே, ஐந்து நிமிடம். வெளியே விடும் மூச்சு நீளமாக இருப்பதுதான் இதில் சூட்சுமம், இதயத்துடிப்பு தணிவது அப்போதுதான். பதற்றம் வந்த பிறகு இதைத் தேடினால் கிடைக்காது, காலையில் பல் தேய்ப்பது போல நல்ல நாளிலேயே பழகி வைக்க வேண்டும். வேகவேகமாக மூச்சிழுத்துக் கதறவைக்கும் பயிற்சிகள் சில வீடியோவில் வருகின்றன, சிறுவயதுக் காயம் உள்ளவர்கள் அதைத் தனியாகச் செய்யக்கூடாது.

அடுத்தது, உடம்பை இந்த இடத்துக்குக் கூட்டிவருவது. ஐந்து பொருளைப் பார், நாலைத் தொடு, மூன்று சத்தம் கேள், இரண்டு வாசனை, ஒரு ருசி என்று இதைச் சொல்வார்கள். எனக்கு இது கைகொடுத்தது வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்த ஒரு டவுன் பஸ்ஸில். பின்சீட்டில் யாரோ குடித்திருந்தார், அந்த வாடை வந்ததும் கை சில்லிட்டுவிட்டது. முன்சீட்டுப் பாட்டியின் கூடையில் கொழுந்து வெற்றிலை, கம்பியில் உரிந்த பச்சைப் பெயின்ட், கண்டக்டர் காதில் செருகிய பேனா, என் செருப்பின் அறுந்த வார், ஜன்னலுக்கு வெளியே ஒரு கரும்புச்சாறு வண்டி. ஐந்தையும் வாய்க்குள் சொன்னேன். கம்பியை இறுக்கிப் பிடித்தேன், அது சூடாக இருந்தது. குலுக்கைக்குப் பின்னால் இருந்த பிள்ளைக்கு அந்தக் கம்பி கிடையாது, இப்போது இருக்கிற எனக்கு இருக்கிறது. இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் கை சூடு திரும்பிவிட்டது.

மூன்றாவது, ஒரு சின்ன நோட்டு. இதில் பழங்கதை எழுத வேண்டாம். இன்றைக்கு எப்போது உடம்பு பதறியது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, என்ன செய்தபோது தணிந்தது, நாலே வரி. ஒரு மாதத்தில் உங்களுக்கே ஒரு வரைபடம் கிடைத்துவிடும். சாயங்காலம் ஆறரைக்கு மேல்தான் எனக்கு எல்லாமே நடக்கிறது என்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன், அது சைக்கிள் வரும் நேரம். பிற்பாடு மருத்துவரிடம் போனபோது வாய் வராமல் உட்கார்ந்திருந்தேன், இந்த நோட்டைத்தான் நீட்டினேன்.

உணர்ச்சியைக் கொட்டி எழுதுவது என்று ஒன்று தனியாக உண்டு. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1980களில் இதை ஆராய்ந்தார். ஒருநாளைக்கு 15 அல்லது 20 நிமிடம், நாலு நாள், எழுத்துப்பிழை எதையும் பார்க்காமல் எழுத வேண்டும். பலருக்கு ஓரளவு பலன் உண்டு, எழுதி முடித்த கொஞ்ச நேரத்துக்கு மனம் கனத்துக் கிடப்பதும் உண்டு. அவரே சொன்ன ஒரு விதி முக்கியம்: எழுதும்போது தாங்காது என்று தோன்றினால் நிறுத்திவிட்டு வேறு விஷயத்தை எழுது. எனக்கு அந்த விதி தெரியாது. ராத்திரி பதினொரு மணிக்கு, எல்லோரும் தூங்கிய பிறகு, மிக மோசமான அந்த ஒரு ராத்திரியை முதலிலிருந்து கடைசிவரை எழுதினேன். கசத்தில் இறங்கியது அப்போதுதான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் கண்ணை மூடினால் அதே அறை. எழுதுவதாக இருந்தால் பகலில் எழுதுங்கள், வீட்டில் ஆள் இருக்கும்போது எழுதுங்கள், இருப்பதிலேயே பெரிய விஷயத்தில் கைவைக்காதீர்கள்.

தூக்கம், சாப்பாடு, நடை பற்றி எல்லோருக்கும் தெரியும், ஒன்று மட்டும் சொல்கிறேன். மெடிக்கலில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம், பழக்கமாகிவிடும்.

ஒரு ஆள் வேண்டும். முழுக்கதையும் சொல்ல வேண்டியதில்லை, "எனக்குச் சில நேரம் படபடப்பு வரும், அப்போ உனக்குப் போன் போடுவேன், வேற ஏதாவது பேசு" என்று சொல்லி வைத்தால் போதும். எனக்கு மதினி. கூப்பிட்டால் அன்றைக்கு வைத்த சொதியில் என்ன காய் போட்டாள் என்பதில் தொடங்குவாள், அது எவ்வளவு பெரிய உதவி என்று அவளுக்குத் தெரியாது.

தனியாகச் செய்யவே கூடாதவை

மறந்துபோன நினைவை மீட்டுத் தருகிறேன், ஹிப்னாடிசத்தில் சின்ன வயதுக்குக் கூட்டிப்போகிறேன் என்பவர்களை நம்பாதீர்கள். அந்த முறையில் நடக்காத ஒன்று நடந்ததாகவே மனதில் பதிந்துவிடும் ஆபத்து உண்டு. அதேபோல, காயப்படுத்தியவரை நேருக்கு நேர் நிறுத்திக் கேட்டுவிடுவது. கோயில் கொடைத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் சொந்தபந்தம் கூடியிருக்கும்போது ஆத்திரத்தில் கேட்டுவிடத் தோன்றும். அவர் மறுப்பார், பெரியவர்கள் உங்கள் வாயைத்தான் அடைப்பார்கள், பழைய காயத்தோடு புதுசாக ஒன்று சேரும். கேட்கவே கூடாது என்று சொல்லவில்லை, அதற்கு ஒரு நேரமும் தயாரிப்பும் வேண்டும்.

எப்போது ஆளைத் தேடுவது

நான் வைத்துக்கொண்ட கணக்கு ஆறு வாரம். மூச்சும் நோட்டும் ஒழுங்காக ஆறு வாரம் செய்தும் தூக்கம் திரும்பவில்லை, வேலையில் தவறு வருகிறது, பிள்ளையிடம் கை நீள்கிறது என்றால் போய்விட வேண்டியதுதான். பாலியல் கொடுமை நடந்திருந்தால் ஆறு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

சுயமுயற்சியா சிகிச்சையா என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பலர் பணமில்லாமல், வெளியே சொல்ல முடியாமல் வீட்டிலேயே முயற்சி செய்கிறார்கள், அதைக் கேவலமாகப் பேசக் கூடாது. ஆனால் நினைவையே தொட்டுக் குணப்படுத்துவதற்குப் பலன் நிரூபிக்கப்பட்ட முறைகள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2013-இல் காயத்துக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறுக்குப் பரிந்துரைத்தவற்றில் இரண்டு: காயத்தை மையமாக வைத்த சிந்தனை-நடத்தை சிகிச்சை, அப்புறம் கண்ணை இடவலமாக அசைத்தபடி நினைவைக் கையாளும் இஎம்டிஆர். இரண்டும் வீடியோ பார்த்து வீட்டில் செய்கிற விஷயம் இல்லை.

யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர், மாத்திரை எழுதுவார். மருத்துவ உளவியலாளர் பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர், மாத்திரை எழுதமாட்டார். ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு உள்ளவரா என்று கேட்கலாம், பதிவு எண்ணைக் கேட்டால் நல்லவர் யாரும் கோபப்படமாட்டார். கவுன்சிலர் என்ற பலகையை மட்டும் பார்த்துப் போய்விடாதீர்கள், ஆறுமாத டிப்ளமோ வைத்திருப்பவரும் அதே பலகைதான் மாட்டுகிறார். என் முதல் அனுபவம் அப்படி ஒருவரிடம்தான். இருபது நிமிடம் கேட்டுவிட்டு, "அப்பாவை மன்னிச்சிட்டேன்னு நூறு தடவை எழுதிட்டு வாங்கம்மா" என்றார். எழுதவும் செய்தேன். எழுத எழுத எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது. அவரைப் போலவே எல்லோரும் இருப்பார்கள் என்று நினைத்து எட்டு மாதம் வீணாக்கினேன், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

பணம் இல்லை என்றால் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி இருக்கிறது. திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிட்டு "மனநலம்" என்று கேட்டால் வழி காட்டுவார்கள். கூட்டம் இருக்கும், சாப்பாடும் தண்ணீரும் எடுத்துப் போங்கள், கூட ஒரு ஆளும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் இருப்பவர்களும் தென்காசி மாவட்டக்காரர்களும் பக்கத்து அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரித்தால் அலைச்சல் குறையும். தனியாரிடம் போவதாக இருந்தால் ஒரு அமர்வுக்கு எவ்வளவு, எத்தனை நிமிடம் என்று போனிலேயே கேட்டுவிடுங்கள், பொதுவாக 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் இருக்கும்.

தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற பயம் நம் ஊரில் பெரிய பயம். எனக்கும் இருந்தது, முதல்நாள் துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒரு போலீஸ்காரர், ஒரு காலேஜ் பையன், கைக்குழந்தையோடு ஒரு பெண். அரைமணி நேரத்தில் துப்பட்டா தோளுக்கு வந்துவிட்டது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தந்திருக்கிறது, உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு.

உள்ளே போனதும்

எல்லாவற்றையும் முதல்நாளே சொல்ல வேண்டாம். "சின்ன வயசுல வீட்ல அடி, குடி. இப்ப தூக்கம் இல்ல, சத்தம் கேட்டா பதறுது" என்ற அளவு போதும். நல்ல சிகிச்சையாளர் முதல் சில வாரம் பழங்கதைக்கே போகமாட்டார், உங்களை நிதானமாக நிற்கவைப்பதில்தான் இருப்பார். ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1992-இல் இதை மூன்று கட்டமாகச் சொன்னார்: முதலில் பாதுகாப்பு, அப்புறம் நினைத்துப் பார்த்துத் துக்கப்படுவது, அப்புறம் மறுபடி வாழ்க்கையோடும் மனிதர்களோடும் சேர்வது. நடுவில் இருக்கிற துக்கம் எனக்கு எதிர்பாராதது. அப்பா மேல் கோபம்தான் வரும் என்று நினைத்துப் போனேன், குலுக்கைக்குப் பின்னால் தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைக்காக அழுதுவிட்டு வந்தேன்.

மாத்திரை எழுதினால் பயப்படாதீர்கள். அது நினைவை அழிக்காது, பதற்றத்தையும் தூக்கத்தையும் ஒரு நிலைக்குக் கொண்டுவரும், சில வாரம் ஆகும். சுகமாகிவிட்டது என்று நாமாக நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைப்பார்கள். பேச்சு சிகிச்சை ஒரே சம்பவத்துக்கு என்றால் 8 முதல் 15 அமர்வில் முடியலாம், வருடக்கணக்கில் நடந்த கொடுமைக்கு அதைவிட நாளாகும். எனக்கு ஒன்றரை வருடம். நாலைந்து அமர்வு போயும் அவரிடம் பேச மனம் வரவில்லை என்றால் ஆளை மாற்றலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. உங்களைத் தொட்டுப் பேசுகிறவர், தன் குடும்பக் கதையைச் சொல்கிறவர், உங்கள் மதத்தையும் சாதியையும் துருவுகிறவர், இவர்களிடமிருந்து அன்றைக்கே எழுந்து வந்துவிடுங்கள்.

சின்ன வயதில் நான் ராத்திரி அலறியபோது ஆச்சி, "புள்ள பயந்திருக்கா" என்று மேலப்பாளையம் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போய் ஓதி ஊதவைத்தாள், இசக்கியம்மன் கோயிலில் கயிறு கட்டினாள். அதை நான் தப்பு சொல்லவே மாட்டேன். அந்த வீட்டில் என் பயத்தைப் பார்த்தது அவள் ஒருத்திதான். மனசுக்குத் தெம்பு தருகிறதென்றால் கோயிலுக்கும் போங்கள், கூடவே ஓ.பி. சீட்டும் போடுங்கள். கட்டிப்போடுவது, அடித்து விரட்டுவது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது என்று வந்தால் அந்தப் படியை மிதிக்காதீர்கள். 2001 ஆகஸ்டில் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு விடுதியில் சங்கிலியில் கிடந்த 28 பேர் தீயில் கருகியதை நம் பக்கத்து ஆட்கள் மறக்கக் கூடாது.

உங்களைக் கெடுத்தவர் இன்றும் ஏதோ ஒரு பிள்ளையின் பக்கத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால், உங்கள் சிகிச்சை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். 18 வயதுக்கு உட்பட்ட ஆணோ பெண்ணோ, பாலியல் கொடுமையிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012-இன் போக்சோ சட்டம் இரண்டு பேருக்கும்தான்.

ஊருக்குப் போகும் நாள்

சிகிச்சை நடக்கும்போதும் முடிந்த பிறகும் இந்த நாள்தான் கஷ்டம். பங்குனியிலோ சித்திரையிலோ கொடைக்கு வரச்சொல்லிப் போன் வரும். அப்பா இப்போது குடிப்பதில்லை, திண்ணையில் சாய்ந்திருப்பார், "வந்தியாட்டி" என்பார், அந்தக் குரலில் எதுவுமே இருக்காது. உடம்புக்கு அது தெரியாது. அதனால் போவதற்கு முன்பே எத்தனை மணி நேரம் இருப்பது என்று முடிவு செய்துவிடுவேன். ராத்திரி தங்குவது சித்தி வீட்டில். மேளம் உச்சத்துக்குப் போய்ச் சாமியாடும் நேரத்தில் கூட்டத்துக்கு நடுவில் நிற்காமல் வெளியே வர வழியுள்ள ஓரத்தில் நிற்பேன். மதினிக்குச் சொல்லி வைத்திருப்பேன். அம்மா, "எதுக்குட்டி இன்னும் பழசையே நெனச்சிக்கிட்டு இருக்க" என்று கேட்டால் பதில் சொல்லி ஜெயிக்கப் பார்ப்பதில்லை, "சரிம்மா" என்று சொல்லிவிட்டு அவள் பீடித் தட்டிலிருந்து இரண்டு இலையை எடுத்து வெட்டிக் கொடுத்துக்கொண்டிருப்பேன். நீங்களும் போகும்போது, பாளையங்கோட்டைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.